அளவுக்கு ஓர் ஆள்

குளிர்பெட்டி வாசல் நிலையில் குறுக்காக மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள். வெளியே படியில் நின்று இரண்டு பேர் தள்ளினார்கள். அந்தமானில், டெலானிபூர் மேட்டு வீடுகளில் மனிதர் நடந்து நுழையலாம், படுத்துக்கொண்டு நுழைவது கஷ்டம். பெட்டிக்காரர் முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, இதைவிடச் சின்னப் பெட்டி ஒன்று வண்டியில் இருக்கிறது, அம்மா உயரம் எவ்வளவு இருக்கும் என்று பொதுவாகக் கேட்டார்.

"அஞ்சடி ஒரு அங்குலம்" என்றார் ராஜமாணிக்கம்.

"சுமாராச் சொன்னாப் போதும் சார்."

"சுமார் இல்ல. அஞ்சடி ஒண்ணு."

சின்னப் பெட்டி வந்தது. கூடத்தில் பாயில் கிடந்த புஷ்பாவை அதில் எடுத்து வைத்தார்கள். தலைக்கும் காலுக்கும் நான்கு விரற்கடை மிச்சமிருந்தது. சரியாக இருக்கிறதா என்று ராஜமாணிக்கம் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வனத்துறையில் முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்தவர் அவர். மரத்தையும் மேட்டையும் ஓடையையும் அளந்தே காலம் போனது. விடியற்காலை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்த நேரத்தைக்கூட நர்ஸ் எழுதுவதற்கு முன்னால் தன் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டார். நான்கு பத்து.

காரியங்கள் தம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. மகன் நந்தகுமாருக்குச் சென்னையில் வேலை. காலை விமானத்தில் டிக்கெட் கிடைத்துவிட்டது. மழை விட்டுக்கொடுத்தால் பதினொன்றரைக்கு இறங்குவான். மூன்று மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. கீழே திருப்பத்தில் கடை வைத்திருக்கும் உதுமான் வீட்டிலிருந்து அவர் மனைவி ஜைனப் இரண்டு ஃபிளாஸ்க் காபியும் டம்ளர்களும் அனுப்பியிருந்தாள். முடியாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். தலைமாட்டில் வைப்பதற்குப் புஷ்பாவின் படம் இல்லை.

அதுவும் அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தது. பத்து நாளைக்கு முன்பு, டயாலிசிஸ் கட்டிலில் கையில் ஊசியோடு படுத்தபடி சொன்னாள்: "நான் போனா தலமாட்டுல ஒரு நல்ல படமா வைங்க. ஆதார் கார்டுல இருக்குறத மட்டும் வெச்சீங்க, எந்திரிச்சு வந்துருவேன்." பக்கத்துக் கட்டில்காரி வரை சிரித்தாள். ராஜமாணிக்கம் மட்டும், இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று எல்லாப் புருஷர்களும் சொல்வதைச் சொன்னார். வைக்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆதார் படத்துக்கு ஒரு கதை உண்டு. மெயின்லேண்ட் போயிருந்தபோது பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அந்த மாதமே பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம். முக்காட்டை எடும்மா என்றான் எடுத்தவன். அரை அங்குல முடியும் பேய் கண்ட கண்ணுமாக அதில் இருப்பது புஷ்பா என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால்தான் நம்பலாம்.

மகள் ஷோபனா தரையில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டேயிருந்தாள். அவளுடைய பழைய போன் போன வருடம் வண்டூர் படகுத்துறையில் கடலுக்குள் போய்விட்டது. புதியதில் இருக்கிற அம்மாவெல்லாம் சிறுநீரகம் கெட்ட பிறகு எடுத்த அம்மா; கண் இமையும் கன்னமும் ஒன்றாக வீங்கியவள். புஷ்பாவின் வாட்ஸாப்பில் முகத்துக்குப் பதிலாக ஒரு சிவப்பு டேலியாப் பூ இருந்தது. அலமாரியிலிருந்து இறக்கிய கல்யாண ஆல்பங்களைப் பிரித்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உரிந்தன. இந்தத் தீவின் ஈரத்தில் பூஞ்சை முதலில் தின்பது முகங்களைத்தான். புடவைக் கரைகள் அப்படியே இருந்தன.

"அப்பா, உங்க போன்ல பாருங்க. நீங்கதான அம்மாவ நூறு போட்டோ எடுத்தீங்க" என்றாள் ஷோபனா.

நூறு இல்லை, தொண்ணூற்றெட்டு. அவர் திருத்தவில்லை.

வண்டூர் போகிற ரோட்டில், மேட்டுச் சரிவு முழுக்கப் பரந்து கிடக்கிறது அந்தப் பெரிய தோட்டம். சர்க்கார் பலகையில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் எல்லா பாஷைக்காரர்களும் சொல்வது 'படா கார்டன்'. அது திறந்த வருடம் முதல் ராஜமாணிக்கமும் புஷ்பாவும் வருடத்துக்கு நான்கு முறை அங்கே போய்வந்தார்கள். தை ஒன்று, சித்திரை ஒன்று, ஆடி ஒன்று, ஐப்பசி ஒன்று. தோட்ட விடுமுறையான திங்கள் குறுக்கிட்டால் மறுநாள்; மற்றபடி தேதி மாறாது. தையில் டேலியாவும் சால்வியாவும் பாத்தி பாத்தியாக நிற்கும், கூட்டம் அலைமோதும். சித்திரையில் புல்தரை காய்ந்து, பாதி மரங்கள் இலையுதிர்த்து, மயில்கொன்றை மட்டும் எரியும். ஆடியில் மழை. குடை பிடித்துக்கொண்டு பெரணிச் செடி வளர்க்கும் கொட்டகைக்குள் ஒண்டுவார்கள். ஆளே இருக்காது என்பதால் புஷ்பாவுக்குப் பிடித்தது ஆடிதான். ஐப்பசியில் குளம் தளும்பி அல்லி விரிந்திருக்கும்.

ஒவ்வொரு முறையும் ஒரு படம். அது எடுக்கிற விதத்தை ராஜமாணிக்கம் காட்டில் கற்றார். மரத்தைப் படமெடுத்தால் அடியில் ஓர் ஆள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அது நாற்பதடி மரமா நூற்றுப்பத்தடி மரமா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. காட்டில் கூலிக்காரர் நின்றார். தோட்டத்தில் புஷ்பா நின்றாள். அவர் பின்னாலேயே போவார், முப்பது தப்படி, நாற்பது தப்படி, உச்சிக் கொப்பு படத்துக்குள் விழும்வரை. "தலைய நிமித்து, உயரம் கொறையுது" என்று அங்கிருந்து கத்துவார். வீட்டுக்கு வந்து படத்தில் ஸ்கேல் வைத்து, அவளைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து நோட்டில் எழுதுவார். தோட்டத்து நடுப்பாதையில் நிற்கிற பெரிய படாக் மரம் இருபத்திரண்டு புஷ்பா. குளக்கரை நாகலிங்கம் பதினொன்று. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. படம் கழுவி வந்ததும் நந்தகுமாரும் ஷோபனாவும் தலையை முட்டிக்கொண்டு, அம்மா எங்கே என்று தேடுவார்கள். முதலில் கண்டுபிடிப்பவருக்கு முறுக்கு.

தொண்ணூற்றெட்டிலும் அவள் ஒரு கட்டைவிரல் நகத்தளவுதான்.

உதுமான் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்திருந்தார். ஜெராக்ஸ், லேமினேஷன், படச்சட்டம் என்று தீவில் பாதிப் பேரின் முகம் அவர் கை வழியாகப் போகிறது. ராஜமாணிக்கத்தின் போனிலிருந்து ஒவ்வொரு படமாக, பழைய பிரிண்டுகளை அதிலேயே எடுத்து வைத்தவை உட்பட, ஏற்றிப் பெரிசாக்கிப் பார்த்தார். மரம் நன்றாக வந்தது. பட்டையில் ஊர்கிற எறும்புகூடத் தெரிந்தது. அடியில் முகத்துக்குப் போனால் நான்கு கட்டங்கள். ஒரு கட்டம் கறுப்பு, மூன்று கட்டம் மாநிறம்.

"வெளக்கமா வர்லண்ணே" என்றார், தப்பு தன்னுடையது போல.

கடைசிப் படம் இந்தச் சித்திரையில் எடுத்தது. ஷோபனா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த ஏப்ரல்ல அம்மாவால நிக்கவே முடியாதேப்பா. எப்படி நின்னாங்க?"

ராஜமாணிக்கம் பெட்டியின் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆதாரையே போட்டுத் தொலைங்க" என்றாள் ஜெயமணி, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தபடி. புஷ்பாவின் தங்கை அவள். பரமக்குடியிலிருந்து அக்காவுக்குத் துணையாக வந்து ஆறு மாதமாக இங்கேதான் இருக்கிறாள். "மொட்டையா இருந்தா என்ன, எங்கக்கா மொகந்தான?"

"வேண்டாம் சித்தி" என்று ஷோபனா அழத் தொடங்கினாள்.

அப்போதுதான் ராஜமாணிக்கத்துக்கு வருடப் பாஸ் ஞாபகம் வந்தது. அறுபது முடிந்தவர்களுக்குத் தோட்டத்தில் கட்டணமில்லாப் பாஸ் கொடுத்தார்கள். புஷ்பா நான்கு வருடத்துக்கு முன் அவரிடம் சொல்லாமலே பஜார் போய் ஸ்டுடியோவில் படமெடுத்து, தானே மனு எழுதி வாங்கி வந்தாள். ஜெயமணி கைப்பையைக் கவிழ்த்துத் தேடிப் பாஸை எடுத்தாள். லேமினேஷனுக்குள் ஏதோ ஓர் ஆடி மழை புகுந்திருந்தது. பெயர் இருந்தது, எண் இருந்தது, படம் இருந்த சதுரம் வெள்ளையாக இருந்தது. எடுத்த ஸ்டுடியோவும் இப்போது செருப்புக் கடை.

ஆனால் மனுவில் ஒரு படம் ஒட்டியிருப்பாள். மனு ஃபைலில் இருக்கும். ஃபைல் அலமாரியில் இருக்கும். சர்க்கார் காகிதம் போன வழி ராஜமாணிக்கத்துக்குத் தெரியாததா?

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். ஜெயமணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பொணத்த நடுவீட்ல போட்டுட்டு எங்க அத்தான் கெளம்புறீக? கட்டுனவன் வாசல் தாண்டக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு? ஊர்ல கேட்டாச் சிரிப்பாக."

"ஒரு மணி நேரம், ஜெயமணி."

"உசுரோட இருக்கையிலயும் தோட்டம், செத்தப் பெறகும் தோட்டம்." அவள் குரல் உடைந்தது. "அவ கூடவாவது வருவா. இப்ப யாரக் கூட்டிட்டுப் போறீக?"

ஷோபனா எழுந்து வந்து சித்தியின் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினாள். "ஜானே தோ சித்தி. அப்பா போய்ட்டு வரட்டும்."

உதுமானின் ஸ்கூட்டர் பின்சீட்டில், ஒரே மழைக்கோட்டின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு ராஜமாணிக்கம் போனார். பத்து நாளாகப் பிடித்த மழை அன்று காலைதான் தூறலாக இளைத்திருந்தது. இறக்கத்தில் ஒரே ஒரு தடவை, கெட்டியாப் புடிச்சுக்குங்க அண்ணே என்றார்.

தோட்டத்துக் கதவு பூட்டியிருந்தது. திங்கட்கிழமை வார விடுமுறை. இருபத்தைந்து வருடத்தில் ராஜமாணிக்கம் திங்கட்கிழமையை மறந்தது இதுதான் முதல் தடவை. காவலாளியிடம் உதுமான் ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னார். அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு, பின்னாலிருந்த குவார்ட்டர்ஸுக்குப் போய் குமாஸ்தா ஹரிஹரனைக் கூட்டிவந்தான்.

ஹரிஹரனுக்கு இவர்களைத் தெரியும். "அம்மாவ மரத்தடியில நிக்க வெச்சுட்டு நீங்க பின்னாலயே போய்க்கிட்டிருப்பீங்களே சார். ஒரு நாள் கொளத்துல விழப் பாத்தீங்க" என்று தொடங்கியவர், தொப்பியைக் கையில் பிடித்து நிற்கிற காவலாளியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எப்போ சார் என்று கேட்டார். விடியற்காலை நான்கு பத்து என்ற ராஜமாணிக்கம், பாஸ் மனுவில் ஒட்டிய படம் வேண்டும் என்றார்.

"ஆஃபீஸ் பந்த் சார். ஆபீசர் சாப் இல்லாம அலமாரியத் தொறந்தா நாளைக்கு என்னைக் கேப்பாங்க. உங்களுக்குத் தெரியாததில்ல."

ராஜமாணிக்கத்துக்குத் தெரியும். அவராக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார், சொல்லியும் இருக்கிறார். ஒரு முறை மட்டும் இல்லை.

"மனு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா..." என்றார் ஹரிஹரன்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவர் எழுதினார். சர்வீஸ் முழுக்க எழுதியது போலவே ஆங்கிலத்தில், இடப்பக்கம் இரண்டு விரல் விட்டு, பெறுநர், பொருள், பார்வை எல்லாம் அதனதன் இடத்தில். பொருள் என்ற வரியில் மனைவியின் பெயர் வந்தது. பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போட வேண்டும். போடாவிட்டால் மனுவுக்கு அர்த்தமில்லை; உயிரோடு இருக்கிறவளின் படத்தை எதற்குக் கேட்கிறீர் என்று மேலே கேட்பார்கள். பேனா காகிதத்தில் நின்ற இடத்தில் மை ஊறிப் புள்ளி பெரிதாகிக்கொண்டு வந்தது. உதுமான் எழுந்துபோய் மழையைப் பார்த்தார். அந்த நான்கு எழுத்தையும் போட்டுவிட்டு ராஜமாணிக்கம் மீதியை ஒரே மூச்சில் முடித்துக் கையெழுத்திட்டுத் தேதி போட்டார்.

ஹரிஹரன் ஃபைலை எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. விண்ணப்பம் பழுப்பேறியிருந்தது, ஆனால் பூஞ்சை தொடவில்லை. மேல் மூலையில் புஷ்பா இருந்தாள். பாதிச் சீல் காகிதத்திலும் பாதிச் சீல் அவள் இடது தோளிலுமாக ஊதா மையில் வளைந்திருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மாம்பழக் கலர் புடவை. அது கட்டி அவர் பார்த்ததாக ஞாபகமில்லை. யாரும் சொல்லாமலே தலையை நிமிர்த்தியிருந்தாள்.

எல்லாக் கட்டத்தையும் தன் குண்டுக் கையெழுத்தில் நிரப்பியிருந்தாள். கீழே வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம். நடைப்பயிற்சி, படிப்பு, புகைப்படம், மற்றவை. மற்றவையில் டிக் அடித்து, பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: கூட நிற்பதற்கு.

"இதெல்லாம் யாரும் படிக்கிறதில்ல சார்" என்றார் ஹரிஹரன் மெல்ல. "சீல் போட்டு வெச்சுருவோம்."

விண்ணப்பத்தை ராஜமாணிக்கம் நெகிழிப் பைக்குள் போட்டு, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துச் செருகிக்கொண்டார். திரும்பக் கொண்டுவந்து தருவதாக ஒரு ரசீதும் எழுதிக் கொடுத்தார். ஆபீசிலிருந்து கதவுக்கு நடுப்பாதை வழியாகத்தான் போக வேண்டும். திருப்பத்தில் உதுமான் நின்றுவிட்டார்.

"அண்ணே. பூத்திருச்சு."

பெரிய படாக் முழுக்கப் பூத்திருந்தது. இலை தெரியவில்லை. அடியிலிருந்து உச்சிவரை மஞ்சள். மழை ஈரத்தில் வாசம் கனமாக இறங்கி நின்றது.

படாக் வருடத்தில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் பூக்கும். மழை தொடங்கிய பிறகு எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. காலையில் பூத்தால் மறுநாள் தரையில் கிடக்கும். கல்யாணமான புதிதில், மத்திய அந்தமான் முகாமில் ஒரு மலையே மஞ்சளாக நின்றதை ராஜமாணிக்கம் அவளிடம் சொல்லியிருக்கிறார். ரோட்டோரத்துப் படாக்குகள் பூத்ததை அவள் பார்த்ததுண்டு. ஆனால் அவளுக்கு வேண்டியது இந்த மரம். இது அவள் நின்ற மரம். வைகாசி கடைசி வந்தால் வருடா வருடம் கேட்பாள், தேதி பார்க்காம ஒரு நாள் சும்மா போய்ப் பார்த்தா என்னங்க என்று. ஆடி ஒன்றுக்குப் போகத்தானே போகிறோம் என்பார் அவர். ஆடி ஒன்றுக்குப் போகும்போது மரம் பச்சையாக, ஒன்றுமே நடக்காதது போல நிற்கும்.

இந்தச் சித்திரையில் அது மொட்டையாக நின்றது. காவலாளி புஷ்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வேரோரம் போட்டான். உட்கார்ந்தபடியே எடுங்களேன் என்றாள். உட்கார்ந்தா அளவு வராது, ஒரு நிமிஷம் நில்லு என்றார் ராஜமாணிக்கம். அவள் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படத்தில் விழாமல் இருக்க நாற்காலியைக் காலால் தானே தள்ளினாள். அவர் நாற்பது தப்படி பின்னால் போகும்வரை நின்றாள்.

இப்போது அவர் கை தானாகப் போனை எடுத்தது. பின்னால் நடந்தார். உதுமான் ஒதுங்கி வழிவிட்டார். முப்பது தப்படி. நாற்பது. உச்சிக் கொப்பு உள்ளே விழுந்தது.

உதுமான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் வேணா போய் நிக்கவா அண்ணே?"

"வேண்டாம் உதுமான்."

ஒரு படம் எடுத்தார். பிறகு போனைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, போகலாம் என்றார்.

கடையில் உதுமான் விண்ணப்பத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிசாக்கினார். கட்டங்களாக உடையவில்லை. கண்ணின் ஓரத்துச் சுருக்கம் வரை வந்தது. சீலைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம், பத்து நிமிஷ வேலை என்றார். தோளிலிருந்த ஊதா வளைவில் தோட்டத்தின் பெயரில் பாதி படிக்க முடிந்தது.

"இருக்கட்டும்" என்றார் ராஜமாணிக்கம்.

பன்னிரண்டேகாலுக்கு நந்தகுமார் வந்தான். மழையில் விமானம் இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கியதாம். பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான்; கண்ணாடியில் ஆவி படர்ந்து அம்மா மறைய, சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். நிமிர்ந்தபோது தலைமாட்டில் சட்டம் போட்ட படம் இருந்தது. இது எங்கேப்பா எடுத்தது என்று கேட்டான். தோட்டத்துல இருந்துச்சு என்றார் ராஜமாணிக்கம். ஜெயமணி படத்துக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள்: "மாம்பழக் கலரு. நான் எடுத்துக் குடுத்ததுதான். உள்ளயே வெச்சிருக்கான்னு நெனச்சேன்." பிறகு சாம்பிராணிக் கரண்டியை அத்தான் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மூன்று மணி என்றால் மூன்று மணிக்கு எடுத்தார்கள். வாசல் நிலையில் இந்த முறை எங்கும் இடிக்கவில்லை. படியில் கிடந்த தன் செருப்பை ராஜமாணிக்கம் எடுத்து ஓரமாகப் போட்டார். அடியில் ஒட்டியிருந்த மஞ்சள் பூக்கள் ஈரத் தரையில் இரண்டு மூன்று விழுந்தன. கொள்ளி வைத்தது நந்தகுமார். மழை ஈரத்தில் விறகு பிடிக்க நேரமாயிற்று. பிடித்த பிறகு நின்று எரிந்தது.

சாயங்காலம் வீடு கழுவி விட்டிருந்தது. எல்லோரும் குளித்தாயிற்று. படத்துக்கு முன்னால் காமாட்சி விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஜைனப் அனுப்பிய சோற்றைப் பாதி தின்று பாதி வைத்துவிட்டுத் தகப்பனும் மகனும் கூடத்துத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷோபனா உள்ளே சித்தியின் கால்மாட்டில் தூங்கிப் போயிருந்தாள்.

சென்னையிலிருந்து யாரோ கூப்பிட்டபோது நந்தகுமாரின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோயிற்று. அவன் அப்பாவின் போனை எடுத்து, பேசி முடித்தான். முடித்த பிறகு கீழே வைக்காமல் விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். முதலில் வந்தது இன்றைய படம். இந்த மரத்தை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான், மஞ்சளாகப் பார்த்ததில்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

பிறகு இரண்டு விரலால் படத்தை விரித்தான். உச்சி மேலே போய் மறைந்தது. கொப்புகள் போயின. அடிமரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சின்ன வயதில் தேடியது போலவே வேரின் இடப்பக்கம் பார்த்தான்.

ராஜமாணிக்கம் அவனை அவசரப்படுத்தவில்லை.

நந்தகுமார் படத்தை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினான்.